தர முடியாது, இப்படிக்கு

மோட்டார் ஓடும்போது பூமிராஜன் வரமாட்டான்.
மில் இரைச்சலில் மிரட்டல் காதில் விழாது.
கடைசி மிளகாய் இறங்கி, பெல்ட் நின்று,
நான் முகத்துணியை அவிழ்க்கும் நேரம் பார்த்து வருவான்.
எடைமேடையில் ஏறி உட்காருவான்.
சிவப்பு எண்கள் துடித்து
எண்பத்திரண்டில் நிற்கும்.
ஒன்றும் பேசமாட்டான்.
எழுந்து போவான்.

இரண்டரை லட்சம்.
டிப்பர் லாரிக்கு முன்பணம் என்று
என் சீட்டுப்பணமும் நாலு வளையலும்
திருமங்கலத்திலிருந்து புறப்பட்டுப் போயின.
ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டான்.
முதல் வருஷம் அக்கா.
அடுத்த வருஷம் ஏம்மா.
அப்புறம் பெயரே கிடையாது,
வாசலில் பைக்கை முறுக்குவதோடு சரி.

ஸ்டேஷனில் ஏட்டையா பேனாவை மூடினார்.
"கொடுக்கல் வாங்கல் சிவில் மேட்டரும்மா."
மிரட்டுறானே சார்.
"என்ன சொல்லி மிரட்டுறான்?"
எடைமேடையில் உட்கார்ந்ததை
எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஜெராக்ஸ் கடை மாடியில்
வக்கீல் ஜீனத் புரோநோட்டை வாங்கியதும்
முன்பக்கம் பார்க்கவில்லை, திருப்பிப் பார்த்தார்.
"பின்னால வரவு ஏதாச்சும் எழுதிருக்கானா?"
வெள்ளையாக இருந்தது முதுகு.
"நோட்டுக்கு ஆயுசு மூணு வருஷம்.
இன்னும் நாப்பத்தொரு நாள் இருக்கு.
அப்புறம் கடன் சாகாது,
கேக்குற வாய்தான் செத்துப்போகும்."

வழக்குப் போடக் கோர்ட் ஃபீ வேண்டும்.
தீபாவளிக்கு முன்னால் அரவைக்காரி கையில் ஏது?
முதலில் நோட்டீஸ் போகட்டும் என்றார்.
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

ஒன்பதாம் நாள் ராத்திரி
ஷட்டருக்கு அடியில் பதில் நுழைந்தது.
லாரி உரிமையாளர் சங்கத் தலைப்புத் தாள்.
சிவப்பு மை.

நீ குடுத்த ரெண்டரை லட்சத்தைத் தர முடியாது.
வக்கீலக் காட்டி என்னை ஒண்ணும் புடுங்க முடியாது.
இன்னொரு தடவை கேட்டா, உன் மக ட்யூசன் முடிஞ்சு
எந்த வழியா வர்றான்னு எனக்குத் தெரியும்.
இப்படிக்கு,
சு. பூமிராஜன், செயலாளர்.

தேதி. முத்திரை.

அதை மிளகாய்த்தூள் டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு
விடியும்வரை மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
காலையில் பள்ளிக்கூட வாசல்வரை கூடவே போனேன்.
"எதுக்கும்மா?" என்றாள்.
சும்மாதான்.

ஜீனத் வாசித்தார். தும்மினார்.
மறுபடி முதல் வரிக்குப் போனார்.
குமாஸ்தாவைக் கூப்பிட்டு அவரிடம் நீட்டினார்.
இருவரும் சிரித்தார்கள்.
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோவப்படாதீங்க திலகராணி.
தரமாட்டேன்னு எழுதினாலும்
வாங்கினேன்னு எழுதிட்டான்ல?
மறுத்துக்கிட்டே ஒத்துக்கிட்டாலும்
சட்டத்துல அது ஒப்புதல்தான்.
இந்தத் தேதியில இருந்து
மறுபடியும் மூணு வருஷம்.
கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பானா?
சீல் வேற வச்சிருக்கான் மகராசன்."

மூன்றாம் வரிக்கு வந்தபோது அவர் சிரிக்கவில்லை.
விரலை அங்கேயே வைத்துக்கொண்டார்.
"மொத வரி சிவில்.
இது ஸ்டேஷனுக்கு. இப்பவே."

ஏட்டையா இந்தத் தடவை பேனாவைத் திறந்தார்.
மனு ரசீதில் எண் போட்டுக் கொடுத்தார்.
தம்மாத்துண்டுத் தாள்.
ஆனாலும் பஸ்ஸில் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்,
ஜாக்கெட்டுக்குள் வைக்கவில்லை.

பூமிராஜன் இப்போது மில் பக்கம் வருவதில்லை.
சமரசத்துக்கு யாரோ சித்தப்பா வந்தார்,
பாதி வாங்கிக்கச் சொன்னார், மாவு வாங்கிக்கொண்டு போனார்.
வழக்குக்கு எண் விழுந்திருக்கிறது.
ஒரு வாய்தா முடிந்தது, எதிர்த்தரப்பு வரவில்லை.
பணமும் வரவில்லை.
மகள் இன்னும் சுற்றுப்பாதையில்தான் வருகிறாள்.

அந்தத் தாளை லேமினேட் பண்ணட்டுமா என்று கேட்டேன்.
"அசல் அப்படியே இருக்கணும்,
தொட்டுடாதீங்க" என்று அதட்டினார் வக்கீல்.
இருக்கட்டும் அப்படியே.
மிளகாய் நெடியோடு போகட்டும் மேஜைக்கு.
நீதிபதி தும்மினால் தும்மட்டும்.